சிறுவயது நினைவை ஓ.டி. கோட்பாட்டின் வழியாக அலசி எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம்) படிப்பவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த அசைன்மென்ட் வந்துவிடும்: உங்கள் சிறுவயது அனுபவம் ஒன்றை எடுத்து, ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி., அன்றாடச் செயல்களைச் செய்ய ஒருவருக்கு உதவும் சிகிச்சைத் துறை) கோட்பாடு ஒன்றைக் கொண்டு அலசுங்கள். சொந்தக் கதைதானே, ஒரே ராத்திரியில் எழுதிவிடலாம் என்று உட்காருவார்கள். என்னிடம் வரும் நோட்டில் முதல் பக்கம் நினைவு, அடுத்த பக்கம் பாடப்புத்தகம், நடுவில் ‘இதிலிருந்து நாம் அறிவது’ என்று ஒரு வரி. நினைவும் கோட்பாடும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

ஜூனியர்களின் வரைவுகளைப் படித்துப் படித்து எனக்குத் தெரிந்தது, சிக்கல் பெரும்பாலும் வரிசையில்தான். மாடலை, அதாவது கோட்பாட்டின் சட்டகத்தை, முதலில் எடுத்துவைத்துக்கொண்டு அதற்குப் பொருந்துகிற நினைவைத் தேடுகிறார்கள். நினைவு, செயல், கேள்வி, அப்புறம்தான் மாடல் என்று போனால் வேலை நேராக நகரும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உதாரணமாக என் நினைவு ஒன்றையே கூட்டிக்கொண்டு போகிறேன்: எட்டு வயதில், அப்பாவின் 22 இன்ச் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டது. சில இடங்களில் மட்டும் வேறு நினைவுகள் வரும்.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

அசைன்மென்ட் கேள்வித்தாள், எழுத ஒரு நோட்டு, நீங்கள் அந்த வயதில் இருந்தபோது கூடவே இருந்த ஒருவரின் போன் நம்பர். பழைய போட்டோ இருந்தால் நல்லது. போட்டோவில் முகத்தைவிட, பின்னால் தெரியும் வாசல்படி, தரை, நாற்காலியின் உயரம் இதெல்லாம்தான் உங்களுக்கு உதவும்.

மாடலைப் பற்றி வகுப்பில் எடுத்த குறிப்பு மட்டும் போதாது, அந்த அத்தியாயத்தையே ஒருமுறை படித்திருக்க வேண்டும். பவர்பாயின்ட் ஸ்லைடில் பெட்டிகள் மட்டும்தான் இருக்கும், பெட்டிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பது அத்தியாயத்தில்தான் இருக்கும். உங்கள் மதிப்பெண் அந்த நடுவில்தான் இருக்கிறது.

கேள்வித்தாளில் ‘விவரி’ என்று இருக்கிறதா, ‘அலசு’ என்று இருக்கிறதா, மாடலை அவர்களே சொல்லிவிட்டார்களா என்று அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அவர்களே சொல்லியிருந்தால் ஆறாவது படி மட்டும் மாறும், மற்றவை அப்படியே.

2. உணர்வை விடுங்கள், ஒரு செயலைப் பிடியுங்கள்

‘என் சிறுவயது மகிழ்ச்சியானது’, ‘நான் தனிமையில் வளர்ந்தேன்’. இவை நல்ல வரிகளாகவே இருக்கலாம். ஆனால் ஓ.டி. கோட்பாடுகள் மனிதர் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பதற்காக உருவானவை. செயல் இல்லாத நினைவில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது.

நல்ல நினைவு எது என்று நான் இப்படிப் பார்ப்பேன். அதில் ஒரு செயல் இருக்க வேண்டும், அதற்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும், உடம்பு ஈடுபட்டிருக்க வேண்டும், அப்புறம் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும் – முடியாதது முடிந்தது, அல்லது முடிந்துகொண்டிருந்தது நின்றுபோனது. பம்பரத்தில் சாட்டை சுற்றக் கற்றது, பாட்டியோடு பல்லாங்குழி ஆடியது, முதல்முறை தனியாக ரேஷன் கடைக்குப் போனது, பூத்தொடுக்கக் கற்றது, கிணற்றில் நீச்சல் பழகியது எல்லாம் சரிவரும். ‘எங்கள் ஊர்த் திருவிழா’ சரிவராது, அது நூறு செயல்கள். திருவிழாவில் ராட்டினம் ஏற மறுத்தது என்று சுருக்கினால் சரிவரும்.

வயது ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால் எழுதுவது எளிது. மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலானவர்களுக்கு நினைவிருக்காது. வீட்டார் சொல்லிச் சொல்லி, நாமே பார்த்ததுபோல ஆகியிருக்கும்.

இன்னொன்று, இதை எல்லாருக்கும் சொல்லிவிடுவேன். மரணம், அடி, துன்புறுத்தல் போன்ற இன்னும் ஆறாத நினைவை இந்த அசைன்மென்ட்டுக்கு எடுக்காதீர்கள். ஆசிரியர் படிப்பார், சில வகுப்புகளில் எழுந்து வாசிக்கவும் சொல்வார்கள். நாற்பது பேர் முன்னால் நிதானமாக வாசிக்க முடிகிற நினைவா என்று கேட்டுப் பாருங்கள். எழுதும்போது எதிர்பாராமல் ஏதாவது கிளம்பினால் பேனாவை வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், வேறு நினைவை எடுங்கள். அதனால் மதிப்பெண் குறையாது.

3. ஓ.டி. சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது, எனக்கு மிக முக்கியமான படியும் இதுதான். ‘பேலன்ஸ்’, ‘கோஆர்டினேஷன்’, ‘மோட்டிவேஷன்’ எதுவும் வரக்கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதுங்கள்.

காரணம் எளிமையானது. மாடலின் சொல் முதலில் வந்துவிட்டால் நினைவு அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். ‘எனக்குப் போஸ்சுரல் கண்ட்ரோல் (உடம்பை நிலையாக வைத்துக்கொள்ளும் திறன்) குறைவாக இருந்தது’ என்று எழுதிவிட்டால், உண்மையில் சீட்டு என் நெஞ்சு உயரத்தில் இருந்தது என்ற தகவல் காணாமல் போய்விடும். அந்த உயரம்தான் பிறகு அலசலுக்குத் தேவைப்படப் போகிறது.

என்னுடையது இப்படி இருந்தது: ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் அப்பா சைக்கிளைத் தொடவிடுவார். களத்துக்குத் தள்ளிக்கொண்டு போவோம். சீட்டு என் நெஞ்சுக்கு வரும். இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கையை சீட்டின் மேல் போட்டு அணைத்துக்கொண்டு, வலது காலை பாருக்குக் கீழே உள்ளே விட்டு அந்தப் பக்கப் பெடலில் வைப்பேன். முழுச் சுற்று வராது, அரைப் பெடல்தான். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செயினில் மாட்டும். அண்ணன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவான்.’

இதில் கோட்பாடு எதுவும் இல்லை. ஆனால் அடுத்த ஆறேழு படிகளுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது. நிறம், வாசனை, வெயில் பற்றி அழகாக எழுத ஆசை வரும், கொஞ்சம் எழுதுங்கள். ஆனால் யார், எங்கே, எந்த நேரம், எந்தப் பொருள், எவ்வளவு உயரம், உடம்பு எப்படி நின்றது, இதெல்லாம் முதலில் வரட்டும்.

4. வீட்டில் கேட்டுவிட்டு மூன்றாகப் பிரியுங்கள்

இப்போது போன் போடுங்கள். ‘நான் சைக்கிள் கத்துக்கிட்டது ஞாபகம் இருக்கா?’ என்று பொதுவாகக் கேளுங்கள். ‘நான் பயந்தேன்தானே?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

வந்த பதிலையும் உங்கள் நினைவையும் வைத்து மூன்று பத்தி போடுங்கள்: எனக்கே நினைவிருப்பது, மற்றவர் சொன்னது, இப்போது நான் ஊகிப்பது. என் அண்ணனைக் கேட்டபோது, கேரியரை அவன் பாதி தூரத்திலேயே விட்டுவிடுவான் என்றும், நான் அது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பேன் என்றும் சொன்னான். எனக்கு நினைவில் இல்லை. ஆகவே அது இரண்டாவது பத்திக்குப் போகிறது, ‘அண்ணன் சொன்னபடி’ என்றுதான் கட்டுரையிலும் வரும்.

இந்தப் பிரிப்பு எதற்கு என்றால், நாளைக்கு நீங்கள் கேஸ் ஷீட் எழுதும்போதும் இதையேதான் செய்யப் போகிறீர்கள்: நான் பார்த்தது, அம்மா சொன்னது, என் கணிப்பு. மூன்றையும் கலந்துவிடுகிறவர்களால் நல்ல அசெஸ்மென்ட் எழுத முடியாது. சொந்தக் கதையில் பழகுவது சுலபம், தவறினாலும் யாருக்கும் பாதிப்பில்லை.

5. செயலைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஆக்டிவிட்டி அனாலிசிஸ், அதாவது ஒரு செயலுக்கு என்னென்ன தேவை என்று பிரித்துப் பார்ப்பது, உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்த அசைன்மென்ட்டில் அதைச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. செய்யுங்கள். கட்டுரையில் அப்படியே போடப் போவதில்லை, உங்களுக்காக மட்டும்.

குரங்கு பெடலை எடுத்துக்கொள்வோம். கைகள் இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன: இடது கை திசை திருப்புகிறது, வலது கை உடம்பை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிறது. கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன, வலது கால் கண்ணுக்குத் தெரியாத பெடலைத் தேடி மிதிக்கிறது, அதாவது மூட்டிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் தகவலை நம்பி. உடம்பு முழுக்க வண்டிக்கு இடப்பக்கம் தொங்குகிறது, ஆகவே வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். சாய்வு மாறும்போதெல்லாம் உள்காது வேலை செய்கிறது. கண் முன்னால், காது பின்னால் அண்ணன் குரலில்.

இப்படி எழுதிப் பார்த்தபோதுதான், குரங்கு பெடல் என்பது சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதைவிட எளிதான வடிவம் அல்ல, சமநிலை விஷயத்தில் அதைவிடக் கடினமானது என்று எனக்கு உறைத்தது. அப்படியென்றால் எட்டு வயதுப் பிள்ளை ஏன் கடினமானதைத் தேர்ந்தெடுத்தது? இதுதான் அலசத் தகுந்த கேள்வி. துண்டு போடாமல் இந்தக் கேள்வி வந்திருக்காது.

6. கேள்வியை எழுதிவிட்டு மாடலைத் தேடுங்கள்

இங்கேதான் முதல்முறையாக மாடல் உள்ளே வருகிறது. உங்கள் நினைவைப் பார்த்து உங்களுக்கு உண்மையாகவே எழுகிற கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்.

‘அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை’ என்பது போன்ற கேள்வி என்றால், மேரி லாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996ல் வெளியிட்ட பிஈஓ மாடல்: ஆள், சூழல், ஆக்குபேஷன் (ஒருவர் தன் வாழ்க்கையில் செய்கிற பொருளுள்ள செயல்). ‘ஏன் விடாமல் செய்தேன், ஏன் விட்டுவிட்டேன்’ என்றால் கேரி கீல்ஹாஃப்னரின் மோஹோ (மாடல் ஆஃப் ஹியூமன் ஆக்குபேஷன்). ‘இந்தச் சத்தம், இந்தத் தொடுகை என் உடம்புக்கு ஏன் ஒத்துவரவில்லை’ என்றால் ஜீன் ஏயர்ஸின் சென்சரி இன்டக்ரேஷன் (புலன் தகவல்களை ஒருங்கிணைப்பது), அல்லது வின்னி டன் 1997ல் முன்வைத்த நான்கு கட்டம். ‘அது விளையாட்டா, வேலையா’ என்றால் அனிதா பண்டி விளையாட்டுத்தன்மை பற்றிச் சொன்னவை பயன்படும்: விருப்பம் உள்ளிருந்து வந்ததா, கட்டுப்பாடு பிள்ளையின் கையில் இருந்ததா, நிஜத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடிந்ததா. செய்ய விரும்பியதை வெளிக்காரணங்கள் நெடுங்காலம் தடுத்துவிட்டன என்றால் கெயில் வைட்ஃபோர்டின் ஆக்குபேஷனல் டிப்ரைவேஷன்.

ஒரே மாடல் போதும். ‘பிஈஓ படி, மோஹோ படி, சிஎம்ஓபி-ஈ (கனடாவின் இன்னொரு மாடல்) படி’ என்று மூன்றையும் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திதான் கிடைக்கும், எதுவும் ஆழமாகப் போகாது. முதல் மாடல் பதில் சொல்ல முடியாத இடத்தில் மட்டும் இரண்டாவதைக் கூப்பிடுங்கள், ஏன் கூப்பிட்டீர்கள் என்றும் எழுதுங்கள்.

7. பிஈஓ: வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எழுதுங்கள்

மிகப் பலர் எடுப்பது இதைத்தான், தடுமாறுவதும் இதில்தான். ‘ஆள்: எட்டு வயது, உயரம் குறைவு, ஆர்வம் அதிகம். சூழல்: களம், அண்ணன். ஆக்குபேஷன்: சைக்கிள் ஓட்டுதல்.’ முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இது வெறும் பட்டியல். மாடல் பேசுவது மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிகின்றன என்பதைப் பற்றி. அந்தப் பரப்பு கூடினால் செயல்திறன் கூடும், குறைந்தால் குறையும்.

ஆகவே இரண்டிரண்டாக எடுங்கள். ஆளுக்கும் ஆக்குபேஷனுக்கும் நடுவே: என் கால் நீளமும் சீட்டின் உயரமும் பொருந்தவில்லை. காலை நீட்ட முடியாது, சீட்டையும் இறக்க முடியாது, அப்பா காலையில் வேலைக்குப் போகிற வண்டி. மாறக்கூடியதாக இருந்தது ஓட்டும் முறை மட்டும்தான். ஐந்தாவது படியில் வந்த கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது: சமநிலைக்குக் கடினமாக இருந்தாலும், அந்த உடம்புக்கும் அந்த வண்டிக்கும் நடுவே சாத்தியமான ஒரே பொருத்தம் குரங்கு பெடல்.

ஆளுக்கும் சூழலுக்கும் நடுவே: களத்தில் விழுந்தால் மண், தார் ரோட்டில் விழுந்தால் பஸ். சமூகச் சூழலில் அண்ணன் இருந்தான். பண்பாட்டுச் சூழலில் பாவாடை இருந்தது, ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்’ என்ற குரலும் இருந்தது. சூழல் என்றால் இடம் மட்டும் என்று எடுத்துக்கொண்டு பண்பாடு, பொருளாதாரம், நிறுவனம் மூன்றையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் ஓட்டக் கற்ற ஒரு பெண் இதே கட்டுரையை எழுதினால், நிறுவனச் சூழல் பற்றியே இரண்டு பத்தி வரும்.

ஆக்குபேஷனுக்கும் சூழலுக்கும் நடுவே: ஞாயிறு காலை மட்டும்தான் வண்டி. பழகும் நேரம் வாரத்துக்கு ஒருமுறை, அப்படியும் கற்க முடிந்தது என்றால் நடுவில் இருந்த ஆறு நாளும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேனா? இது ஊகம், நான்காவது படியில் போட்ட மூன்றாவது பத்தி. ஊகம் என்று சொல்லியே எழுதலாம்.

கடைசியாக, காலம். இந்த மாடல் நிலையான படம் அல்ல, வாழ்நாள் முழுக்க வட்டங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வருஷத்தில் உயரம் கூடியது, பாருக்கு மேல் காலைப் போட்டு ஓட்டினேன், அதற்கடுத்து சீட்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உடம்பும் திறமையும் முழுதாகத் தயார், ஆனால் பெரிய பெண்ணான பிறகு களத்துக்குப் போவதே நின்றது. ஆள் வட்டம் வளர்ந்தபோது சூழல் வட்டம் விலகிப்போனது. முன்னேற்றத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், பரப்பு சுருங்கிய இடத்தையும் எழுதினால் அலசலுக்கு உண்மையான கனம் வரும்.

8. மோஹோ: ‘ஆர்வம்’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள்

மோஹோவில் வொலிஷன் (செய்யத் தூண்டுவது), ஹேபிச்சுவேஷன் (பழக்கமும் ரோலும்), பெர்ஃபார்மன்ஸ் கெப்பாசிட்டி (செய்யும் திறன்) மூன்றும், அவற்றோடு சூழலும் உண்டு. வொலிஷனை ‘எனக்கு மோட்டிவேஷன் நிறைய’ என்று மொழிபெயர்த்துவிட்டுப் போவதுதான் பொதுவான தவறு. வொலிஷனுக்குள் மூன்று தனி விஷயங்கள்: என்னால் முடியும் என்று என்னைப் பற்றி நானே வைத்திருக்கும் கணிப்பு, எது முக்கியம் என்ற மதிப்பு, எது பிடிக்கும் என்ற விருப்பம். மூன்றும் ஒரே திசையில் இழுக்க வேண்டும் என்றில்லை. எனக்குப் பிடித்தது, எங்கள் வீட்டில் அது முக்கியம் என்று யாரும் நினைக்கவில்லை, முடியுமா என்ற கணிப்போ வாரத்துக்கு வாரம் மாறியது.

அந்தக் கணிப்பு மாறிய தருணத்தைப் பிடியுங்கள். அண்ணன் சொன்னபடி, அவன் கேரியரை விட்டிருந்தது ஒருநாள் எனக்குத் தெரிந்த நொடி அப்படிப்பட்டது. மோஹோ இதை ஒரு சுற்றாகப் பார்க்கிறது: எதிர்பார்க்கிறோம், தேர்ந்தெடுக்கிறோம், செய்து அனுபவிக்கிறோம், அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம், அந்தப் பொருள் அடுத்த எதிர்பார்ப்பை மாற்றுகிறது. ஒரே நிகழ்வை இந்த நான்கிலும் நடத்திக் காட்டினால் போதும், மொத்த வொலிஷனும் விளங்கிவிடும்.

ஹேபிச்சுவேஷனில் பழக்கத்தை எழுதுவார்கள், ரோலை, அதாவது வீட்டிலும் வெளியிலும் நாம் வகிக்கும் பொறுப்பை, மறந்துவிடுவார்கள். சைக்கிள் வந்ததும் மாவு மில்லுக்குப் போவது என் வேலையானது. பின்னால் கோதுமைத் தூக்கு, முன்னால் பை. விளையாட்டாகத் தொடங்கியது வீட்டில் எனக்கென்று ஒரு இடத்தைக் கொடுத்தது. உங்கள் நினைவில் அந்தச் செயலுக்குப் பிறகு வீட்டார் உங்களிடம் புதிதாக என்ன எதிர்பார்த்தார்கள் என்று தேடுங்கள், ரோல் அங்கே இருக்கும்.

9. புலன் சார்ந்த நினைவு: உங்களுக்கு நீங்களே பெயர் சூட்டாதீர்கள்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அழுது புரண்டவர்கள், ஸ்வெட்டர் போட மறுத்தவர்கள், வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போனவர்கள் எல்லாரும் இதை எடுப்பார்கள். எழுதுகிற முதல் வரி: ‘எனக்குச் சிறுவயதில் சென்சரி பிரச்சினை இருந்தது.’ அந்த வரியை அடித்துவிடுங்கள்.

டன் சொல்வது எல்லா மனிதருக்கும் உள்ள அமைப்பைப் பற்றி. ஒரு பக்கம் நரம்பு மண்டலத்தின் த்ரெஷோல்ட் (உணர்வு பதிய எவ்வளவு தூண்டல் வேண்டும் என்பது) உயர்வா தாழ்வா, இன்னொரு பக்கம் அதற்கு ஆள் எப்படி நடந்துகொள்கிறார், சும்மா இருக்கிறாரா அல்லது தானாக ஏதாவது செய்கிறாரா. இரண்டையும் குறுக்காக வைத்தால் நான்கு கட்டம்: கவனத்தில் பதியாமல் போவது, தேடிப் போவது, கூசுவது, தவிர்ப்பது. ஒரு நிகழ்வு ஒரு கட்டத்தைச் சொல்லிவிடாது. பல இடங்களில், பல பொருள்களோடு அதே மாதிரி நடந்தால்தான் அது ஒரு பாங்கு.

எண்ணெய்க் குளியலையே பாருங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் யாருக்கும் எரியும், அது வலி. தலையைப் பின்னால் சாய்ப்பது வேறு, அது உள்காது சம்பந்தப்பட்டது. சூடு பறக்கத் தேய்க்கும் கை தொடுபுலன். நீங்கள் அழுதது எதற்கு? அம்மாவிடம் கேளுங்கள்: முடி வெட்டும்போது, நகம் வெட்டும்போது, புதுச் சட்டையின் காலர் உரசும்போது எல்லாம் அழுதேனா? ஆம் என்றால் தொடுபுலனில் கூச்சம் இருந்திருக்கலாம் என்று எழுதலாம், ‘இருந்திருக்கலாம்’ என்றுதான். இல்லை, சீயக்காய் நாளில் மட்டும் என்றால் உங்களுக்கு வேறு மாடல் வேண்டும், அல்லது வேறு நினைவு வேண்டும்.

ஏயர்ஸை எடுப்பவர்களுக்கு: வெஸ்டிபுலர் (உள்காதின் சமநிலை), புரோப்ரியோசெப்டிவ் (மூட்டு, தசை), டாக்டைல் (தொடுபுலன்) என்று புலன்களைப் பட்டியலிடுவது அவருடைய கோட்பாடு அல்ல. புலன்களிலிருந்து வரும் தகவலை ஒழுங்குபடுத்தி, சூழல் கேட்கிற சவாலுக்குப் பிள்ளை நோக்கத்தோடு கொடுக்கிற பதில் என்ன என்பதுதான் மையம். சைக்கிளை வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்கக் கற்றது அப்படி ஒரு பதில். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, விழுந்து விழுந்து உடம்பே கண்டுபிடித்தது.

10. நம் வீட்டு வழக்கம் மாடலோடு முட்டும் இடம்

இந்தப் பகுதியை எழுதுகிறவர்கள் குறைவு, எழுதினால் உங்கள் கட்டுரை தனியாகத் தெரியும். நாம் படிக்கும் பல மாடல்கள் வட அமெரிக்காவில் பிறந்தவை. தானே செய்துகொள்வது நல்லது என்ற எண்ணம் அவற்றில் ஆழமாக இருக்கிறது. நமக்கோ ஆறு வயது வரை அம்மாச்சி நிலாச்சோறு ஊட்டியிருப்பார். வளர்ச்சி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ‘தானே உண்ணும் திறன் தாமதமானது’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைக்குத் திறன் இல்லையா, தேவை வரவில்லையா? இரண்டும் வேறு. டோரிஸ் பியர்ஸ் சொல்லும் கோ-ஆக்குபேஷனை வைத்துப் பார்த்தால் ஊட்டுதல் என்பது இருவர் சேர்ந்து செய்யும் ஒரே செயல்: ஒருவர் உருண்டை பிடிக்கிறார், ஒருவர் வாய் திறக்கிறார், நடுவில் கதை ஓடுகிறது.

இடது கைப் பழக்கம் இன்னொரு நல்ல உதாரணம். பந்தியில் இடது கையை இலைக்கு நீட்டியதும் ‘சோத்தாங்கையால சாப்பிடு’ என்று தட்டிவிடப்பட்டவர்கள் நிறைய. இதை ‘பெற்றோரின் அறியாமை’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். இடது கை எதற்கு என்று அந்த வீட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள், பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தட்டியவருக்கு என்ன பயம், இதெல்லாம் பண்பாட்டுச் சூழல். அதோடு அந்தப் பிள்ளை பென்சிலை எந்தக் கையில் பிடித்தது, பள்ளியில் என்ன நடந்தது, ‘என்னால் முடியும்’ என்ற கணிப்புக்கு என்ன ஆனது என்றும் கேளுங்கள். தட்டியவரைக் குற்றவாளியாக்காமலே பிள்ளைக்கு நேர்ந்த சிரமத்தை முழுதாக எழுதலாம்.

குடும்பத்தோடு பின்னிய நினைவு என்றால் மைக்கேல் இவாமா 2006ல் புத்தகமாகக் கொண்டுவந்த கவா மாடலையும் பாருங்கள். ஜப்பானில் உருவானது. வாழ்க்கை ஆறு, கரையும் படுகையும் சூழல், பாறைகள் சிரமங்கள், மிதக்கும் கட்டைகள் நம்மிடம் உள்ள குணங்களும் வளங்களும். கட்டை சில சமயம் பாறையைத் தள்ளும், சில சமயம் பாறையோடு சேர்ந்து அடைக்கும். படம் வரைந்துவிட்டு விளக்கம் எழுதாமல் விடுவதுதான் இதில் நடக்கும் தவறு. தண்ணீர் எந்த இடுக்கு வழியாகப் போனது என்று எழுதினால்தான் அது அலசல்.

11. மாடலின் சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள்

வரைவு முடிந்ததும் ஒரு சோதனை. கோட்பாட்டுச் சொல் வருகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தச் சொல்லை மறைத்துவிட்டுப் படியுங்கள். பொருள் அப்படியே இருக்கிறது என்றால் கோட்பாடு அங்கே வேலை செய்யவில்லை. ‘என் வொலிஷனால் நான் தொடர்ந்து முயன்றேன்’ – மறைத்தால் ‘நான் தொடர்ந்து முயன்றேன்’. ஒன்றும் குறையவில்லை. ‘பிடித்திருந்தும், முடியும் என்ற கணிப்பு இல்லாததால் இரண்டு வாரம் களத்துக்கே போகவில்லை; கேரியர் சம்பவத்துக்குப் பிறகு போனேன்’ என்று எழுதியதில் மாடலின் பிரிவு இல்லாவிட்டால் வாக்கியமே நிற்காது.

அப்புறம், மாடலுக்குள் அடங்காத தகவல் ஒன்றாவது உங்கள் முதல் வரைவில் இருக்கும். அதை ஒளித்துவைக்காதீர்கள், அடங்கவில்லை என்றே எழுதுங்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற கட்டுரையைப் படிக்கும்போது ஆசிரியருக்குச் சந்தேகம்தான் வரும்.

12. கிளினிக்குக் கொண்டுபோகும் பத்தி

‘இதனால் நான் பிள்ளைகளிடம் அன்போடு நடந்துகொள்வேன்’ என்று முடிப்பவர்கள் அதிகம். அன்பு வேண்டும்தான், ஆனால் அதற்கு இந்த அலசல் தேவைப்பட்டிருக்காது. அலசலிலிருந்து நேரடியாக வருகிற ஒரு மாற்றத்தை எழுதுங்கள்.

என் கட்டுரையிலிருந்து வருவது இது: ஒரு பிள்ளை செயலை ‘தவறான’ முறையில் செய்தால், திருத்துவதற்கு முன் அந்த முறை எந்தப் பொருத்தமின்மைக்குப் பதில் என்று பார்ப்பேன். கத்தரிக்கோலைக் கவிழ்த்துப் பிடிக்கும் பிள்ளையிடம் மேஜை உயரம், கத்தரிக்கோலின் அளவு, தாளின் தடிமன் மூன்றையும் முதலில் மாற்றிப் பார்ப்பேன், கையைத் திருத்துவது அதற்கப்புறம். இப்படி ஒரு செயலாக இருக்க வேண்டும்.

இதே இடத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. நாம் களத்தில் விழுந்து எழுந்து கற்றோம் என்பதால், எதிரில் இருக்கும் பிள்ளையும் அப்படித்தான் கற்க வேண்டும் என்று தோன்றும். அந்தப் பிள்ளை நான்காவது மாடி ஃபிளாட்டில் இருக்கலாம், கீழே பார்க்கிங் மட்டும்தான் இருக்கலாம், ஓடிவர அண்ணன் இல்லாமல் இருக்கலாம். உங்கள் நினைவு உங்களுக்குக் கேள்விகளைத் தரட்டும், பதில்களை அந்தப் பிள்ளையிடமும் அதன் வீட்டாரிடமும் கேட்டு வாங்குங்கள்.

13. கடைசி வரைவும் சமர்ப்பிப்பதும்

1,500 சொல் கட்டுரை என்றால் நினைவுக்கு 300க்கு மேல் வேண்டாம். மாடலை விளக்க 150 போதும், ஆசிரியருக்கு அது தெரியும். அலசலுக்கு 700, பொருந்தாத இடத்துக்கும் பண்பாட்டுக்கும் 200, கிளினிக் பத்திக்கு மீதி. பெரும்பாலான வரைவுகளில் நினைவும் மாடல் விளக்கமுமே ஆயிரம் சொல்லைத் தின்றுவிடுகின்றன.

குடும்பத்தாரின் பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ‘அண்ணன்’, ‘சித்தி’, ‘எங்கள் பள்ளி’ என்று மாற்றுங்கள். அவர்களைப் பற்றிய சங்கடமான தகவல் இருந்தால் முதலில் அவர்களிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள், வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள். முதல் வரைவையும், வீட்டில் கேட்டு எழுதிய மூன்று பத்திக் குறிப்பையும் கிழிக்காமல் வைத்திருங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ‘இது உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.